உங்களுக்குத் தெரியுமா? கணினிக்குள் ஒரு பாகப்பிரிவினை

நூறு கணினிகளில் லினக்ஸ் நிறுவ வேண்டும். ஒவ்வொன்றின் முன்னும் உட்கார்ந்து வட்டைப் பிரிக்க யாருக்குப் பொறுமை? டெபியன் லினக்ஸில் 'ப்ரீசீட்' கோப்பில் பங்கீட்டை முன்கூட்டியே எழுதிவைக்கலாம். ஒவ்வொரு பகுதிக்கும் மூன்று எண்கள்: குறைந்தபட்ச அளவு, முன்னுரிமை, அதிகபட்ச அளவு. கடைசி எண் -1 என்றால் உச்சவரம்பு இல்லை.

நடு எண்ணில்தான் பலரும் சறுக்குவார்கள். பெயர்தான் முன்னுரிமை, உண்மையில் அது பங்கு விகிதம். முன்னுரிமையிலிருந்து குறைந்தபட்சத்தைக் கழித்தால் வருவதே அந்தப் பகுதியின் பங்கு. 1,00,000 எம்.பி. வட்டில் உச்சவரம்பற்ற இரண்டு பகுதிகள். இரண்டுக்கும் குறைந்தபட்சம் 1,000, முன்னுரிமை 3,000, 7,000 என்று வைப்போம். கழித்தால் 2,000, 6,000. ஆக, மீதி 98,000 எம்.பி. 1:3 என்று பிரியும். முதலாவதுக்கு 25,500, அடுத்ததற்கு 74,500. ஒரு பகுதியின் குறைந்தபட்சமும் முன்னுரிமையும் சமமானால் அதற்கு உபரியில் ஒரு எம்.பி.கூடக் கிடைக்காது!

ரெட் ஹேட் லினக்ஸில் இதே வேலைக்கான 'கிக்ஸ்டார்ட்' முறையில் கணக்கு எளிது, ஆபத்து அதிகம். பழைய பகுதிகளை அழிக்கும் 'கிளியர்பார்ட்' கட்டளையோடு 'ஆல்' சேர்த்து, எந்த வட்டு என்று சொல்லாமல் விட்டால், இணைத்திருக்கும் மற்ற வட்டுகளின் பகுதிகளும் அழியும். 'உறுதியா?' என்று கேட்க அங்கே ஆளில்லை.