நாலு நாள் பயணம், ஏழு பிள்ளைகள்

இலங்கை என்றால் நம்மில் பலருக்குக் கொழும்பும் யாழ்ப்பாணமும்தான் நினைவுக்கு வரும். மலையகத் தேயிலைத் தோட்டங்களில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. கோத்தகிரிப் பக்கம் குடியிருக்கும் எங்களால் அப்படி இருக்க முடியாது. என் மாமியார் ஹட்டன் அருகே ஒரு தோட்டத்தில் பிறந்தவர். 1964-ஆம் ஆண்டு சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி, 1970-களில் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, இங்கே அரசு தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அவருடைய அக்கா குடும்பம் அங்கேயே தங்கிவிட்டது.

அந்த அக்காவின் மகள், எனக்கு நாத்தனார் முறை, அங்கே தோட்டப் பள்ளியில் ஆசிரியை. 2022-ல் இலங்கைப் பொருளாதாரம் சரிந்து, காகிதத் தட்டுப்பாட்டால் சில பரீட்சைகளையே தள்ளி வைத்தார்கள் அல்லவா? அப்போது ஒருநாள் போனில், "கொப்பி வாங்கக் காசில்லாம பிள்ளைங்க நின்னுடுதுங்க அண்ணி" என்று அழுதார். (நோட்டுப் புத்தகத்தை அங்கே கொப்பி என்பார்கள்.) எங்கள் தெருப் பெண்கள் ஆறு பேர் சேர்ந்தோம். ஆளுக்கு மாதம் 500 ரூபாய். ஏழு பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு அது போய்ச் சேர்ந்தது.

2024 பிப்ரவரியில் நானும் மாமியாரும் பிள்ளைகளை நேரில் பார்க்கப் புறப்பட்டோம். திருச்சியிலிருந்து கொழும்புக்கு ஒரு மணி நேர விமானம். அங்கிருந்து மலை ரயிலில் ஹட்டன். ரயில் மேலே ஏற ஏற, மாமியார் ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பவே இல்லை.

இலங்கையில் 1945 முதலே இலவசக் கல்வி. பாடநூலும் சீருடையும் அரசே தருகிறது. பிறகு நம் பணம் எதற்கு என்று கேட்பீர்கள். கொப்பி, சப்பாத்து, பஸ் கட்டணம், மழைக்குக் குடை, எல்லாம் பெரும்பாலும் பெற்றோர் தலையில்தான் இருந்தது. அப்போது கொழுந்து பறிக்கும் அம்மாவுக்கு நாள் கூலி 1000 ரூபாய். நம் கணக்கில் 270 ரூபாய்கூட வராது. அதுவும் சொன்ன கிலோ நிறைந்தால்தான் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர்!

பிள்ளைகள் குடியிருப்பது 'லயம்' என்னும் வரிசை வீடுகளில். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஆறு பேர். ஆனாலும் போன வீட்டிலெல்லாம் ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணியும் தராமல் விடவில்லை.

ஏழு பேரில் மூத்தவள் பதினோராம் தரம். கணக்கில் கெட்டிக்காரி. மே மாதம் சாதாரண தரப் பரீட்சை. அவள் அம்மாவோ, "போதும்க்கா. கொழும்புல ஒரு வீட்டு வேலைக்குக் கேட்டிருக்காங்க. கடன் தலைக்கு மேல கிடக்கு" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மாமியார்தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் கைநாட்டு வச்சிட்டுக் கப்பலேறினவ தாயி. அந்தக் கடுதாசில என்ன எழுதியிருந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. இவளாவது படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடட்டும்."

அந்த அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "பரீட்சை வரைக்கும் இருக்கட்டும்" என்றார். அந்த மூன்று மாதத்துக்கு வீட்டுக்கு அரிசியும் மாவும் வாங்கித் தர ஏற்பாடு செய்துவிட்டு வந்தோம்.

செப்டம்பர் கடைசியில் முடிவு வந்தது. தேறிவிட்டாள்! டவுன் பள்ளியில் உயர்தரத்தில் சேர்ந்தாள். ஆனால் எங்கள் ஏழு பேரில் ஒரு பையன் அதே வருடம் படிப்பை விட்டுக் கொழும்புக் கடைக்குப் போய்விட்டான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

தோழிகளே, நீங்களும் எங்காவது ஒரு பிள்ளையைப் படிக்க வைத்தால், நான் பார்த்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். என்ன தேவை என்று முதலில் ஆசிரியையிடம் கேளுங்கள். மிட்டாய்ப் பொட்டலத்தைவிட ஒரு ஜோடி சப்பாத்து பெரிது. உதவி வாங்கும் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் போட்டோ எடுக்காதீர்கள். மற்ற பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிற்கும். முக்கியமாக, அந்தப் பிள்ளையின் அம்மாவோடு உட்கார்ந்து ஒரு வாய் தேநீர் குடித்துப் பேசுங்கள். பிள்ளையின் படிப்பு நிற்பதும் தொடர்வதும் அந்த அடுப்படியில்தான் முடிவாகிறது.

பையன் போன இடத்துக்கு இப்போது இன்னொரு பெண் குழந்தையைச் சேர்த்திருக்கிறோம். ஆறாம் தரம். தினமும் நாலு மைல் நடக்கிறாளாம். முதல் வேலையாக அவளுக்கு ஒரு குடை வாங்கச் சொல்லியிருக்கிறோம்.

- ஒரு வாசகி, கோத்தகிரி