இருதயத்தைக் கற்கும் வழி
மருத்துவம் பயிலும் நம் பிள்ளைகள் இருதய நோயை மனப்பாடத்தால் மட்டும் அறிந்துவிட முடியாது. உறுப்பின் தொழிலை உணர்ந்தே நோயை உணரவேண்டும். ஓர் உதாரணம் காண்போம்.

ஓய்விலிருக்கும் இருதயம் நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தைச் செலுத்துகிறது. வந்து சேருவதையே அது வெளியே அனுப்ப இயலும். மாரடைப்பு வலது கீழறையைத் தாக்கினால், வலுவிழந்த அவ்வறை, திரும்பிவரும் இரத்தத்தின் நிறைவையே நம்பி நிற்கும். அந்நிலையில் வழக்கம்போல் நாவின்கீழ் நைட்ரோகிளிசரின் கொடுத்தால், சிரைகள் விரிந்து இரத்தம் அங்கேயே தேங்கும்; இரத்த அழுத்தம் அபாயகரமாக வீழக்கூடும்.

இணையத்திலுள்ள பயிற்சி நோயாளியிடம் இப்பிழையைச் செய்யும் மாணவன், திரையிலே அழுத்தம் சரியக் காண்பான், காரணத்தை ஆராய்வான், மார்பின் வலப்புறத்தும் இ.சி.ஜி. எடுத்துப் பார்க்கக் கற்பான். உயிர்ச்சேதமின்றிப் பெற்ற பாடம் அது. நாளை மெய்யான நோயாளி ஒருவர் அதனால் பிழைப்பார். அவர் நம் வீட்டுப் பெரியவராகவும் இருக்கலாம்.