காற்றிடம் கால்ஷீட் வாங்கிய ஊர்

போஸ்டரில் இருக்கும் கபரேத்தேயைப் பார்த்திருப்பீர்கள். பச்சை கலந்த நீலக் கடல், வளைந்து கிடக்கும் தங்க மணல், வானம் கொள்ளாத வண்ணப் பட்டங்கள், அவற்றைப் பிடித்துக்கொண்டு அலைமேல் தாவும் மனிதர்கள். அந்தப் படத்தை நம்பி ஒரு ஜூலை மாதக் காலை ஒன்பது மணிக்குக் கடற்கரைக்குப் போய் நில்லுங்கள். ஒரே ஒரு பட்டம்கூட இருக்காது! கடல் அசையாமல் கிடக்கும். நிழல் தேடிப் படுத்த நாய்கள் தலையைக்கூடத் தூக்காது.

பதற வேண்டாம். ஹீரோ இன்னும் செட்டுக்கு வரவில்லை, அவ்வளவுதான். இங்கே ஹீரோ காற்று. கோடை முழுக்க அவர் தந்திருக்கும் கால்ஷீட் நண்பகலிலிருந்து சூரியன் சாயும்வரை. மீதி நேரமெல்லாம் ஊரே மேக்கப் போட்டுக்கொண்டு காத்திருக்கும். அந்த மேக்கப் அறைக்குள்தான் இப்போது உங்களைக் கூட்டிப் போகிறேன். வாங்க!

எங்கே இருக்கிறது இந்த ஊர்?

கரீபியனில் ஹிஸ்பானியோலா என்றொரு பெரிய தீவு. மேற்கே ஹைத்தி, கிழக்கே டொமினிக்கன் குடியரசு. அந்தக் குடியரசின் வடகரையில், புவெர்த்தோ பிளாத்தா மாகாணத்தில் இருக்கிறது கபரேத்தே. கரீபியன் ஊர் என்று பெயர்தான், கால் நனைவதென்னவோ அட்லாண்டிக் பெருங்கடலில்! ஒரே ஒரு நெடுஞ்சாலை ஊரைக் குறுக்கே கிழித்துக்கொண்டு போகிறது. சாலைக்கு வடக்கே கடலும் ஓட்டல்களும். தெற்கே ‘கயேஹோன்’ எனப்படும் சந்துகள், தகரக்கூரை வீடுகள், அவற்றுக்குப் பின்னால் ஏரியும் குகைகளும் காடுமாக எல் சோக்கோ தேசியப் பூங்கா. ஒரு வாரம் தங்க வருபவர்கள் வடக்கே. கோடை முழுக்க இருக்க வந்தவர்கள், வாடகை கட்டுப்படியாகும் தெற்கே. நானும் தெற்குக் கட்சிதான்!

காற்று தயாராகும் விதம்

இந்தக் காற்று சும்மா வந்துவிடுவதில்லை. அதற்கு இரண்டு தயாரிப்பாளர்கள். ஒன்று, அட்லாண்டிக்கைக் கடந்து கிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்று. நம் கடலோரத்தில் ‘கொண்டல்’ என்பார்களே, அதே திசை. இரண்டாவது, ஊருக்குத் தெற்கே நிற்கும் மலைத்தொடர். இரவில் குளிர்ந்த மலைக்காற்று கடலை நோக்கி மெல்ல இறங்கிவரும். காலை வரை அது கிழக்குக் காற்றைக் கரையோரம் நெருங்கவிடாது. வெயில் ஏற ஏற நிலம் சூடாகும். சூடான காற்று மேலே போகும், அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று உள்ளே பாயும். அது கிழக்குக் காற்றோடு கைகோத்ததும் 15 முதல் 25 நாட் வேகம்! ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இந்த ஏற்பாடு அநேகமாகத் தவறாது.

அதனால் இங்கே யாரும் காலையில் கடலைப் பார்ப்பதில்லை, மலையைப் பார்ப்பார்கள். மலைமேல் பஞ்சு மேகம் குவிந்தால் முகமெல்லாம் சிரிப்பு. காலையிலேயே வானம் மூடிக்கொண்டால் நிலம் சூடாகாது, ஷூட்டிங் ரத்து! மலையில் மழை கொட்டினாலும் அதே கதி. போன் செயலி என்ன சொன்னாலும் சரி, பட்டப் பயிற்சிப் பள்ளி வாசலில் உட்கார்ந்திருக்கும் மூத்த பயிற்சியாளர் தெற்கே ஒரு பார்வை பார்த்து உதட்டைப் பிதுக்கினால் அன்றைக்குப் பட்டம் பைக்குள்தான்.

ஹீரோ வருவதற்கு முன்

அப்படியென்றால் காலை முழுக்க என்ன செய்வது? முதலில் சாப்பாடு! ‘மங்கு’ என்று ஒன்று உண்டு. பச்சை வாழைக்காயை வேகவைத்து, வெண்ணெயோ எண்ணெயோ விட்டு மசித்து, மேலே வினிகரில் வதக்கிய வெங்காயம். கூடவே பொரித்த சலாமி, பொரித்த பாலாடைக்கட்டி, முட்டை என்று மூன்று துணைகள். மதியம் சோறு, அவரைக்குழம்பு, கோழி! சோறும் குழம்பும் தினமும் கிடைக்கும் ஊரில் தமிழ் வயிறு அழாது. காரம் மட்டும் கிடையாது, அதற்கு ஊரிலிருந்தே மிளகாய்ப்பொடி கொண்டுபோய்விடுங்கள்.

அலைச்சறுக்கு தெரிந்தவர்கள் விடியும்போதே மேற்கே என்குவென்த்ரோ கடற்கரையில் இருப்பார்கள். அங்கே போக இரண்டு வாகனங்கள். ‘குவாகுவா’ என்ற மினி வேனில், நான்கு பேர் இருக்கையில் ஐந்து பேர், மடியில் ஒரு குழந்தை, கதவில் தொங்கும் கண்டக்டர். அல்லது ‘மோத்தோகோன்ச்சோ’ என்ற வாடகை மோட்டார் சைக்கிள். ஓட்டுநருக்குப் பின்னால் ஒருவர், அவருக்குப் பின்னால் இன்னொருவர், கக்கத்தில் அலைப்பலகை! ஏறுவதற்கு முன்பே கட்டணம் பேசிக்கொள்ள வேண்டும் என்பது இங்கே எல்லோரும் சொல்லித்தரும் முதல் பாடம்.

தெருமுனை மளிகைக்கடைக்கு ‘கொல்மாதோ’ என்று பெயர். ஒற்றை முட்டை, அரை வெங்காயம், ஒரு கரண்டித் தக்காளி விழுது என்று கேட்டாலும் கிடைக்கும். போன் செய்தால் ஒரு பையன் பைக்கில் கொண்டுவந்து கொடுப்பான். ஸ்பானிஷ் கற்க வகுப்புக்குப் போக வேண்டியதில்லை. கொல்மாதோ வாசலில் டாமினோ கட்டைகளை மேசையில் அறைந்து விளையாடும் பெரியவர்கள் பக்கத்தில் நின்றால் போதும். நல்ல வார்த்தைகளும் வரும், மற்றவையும் வரும்!

நண்பகல்: திரை விலகுகிறது

முதல் வெள்ளை நுரை தூரத்துப் பவளத்திட்டில் தெரிந்ததும், பட்டக்காரர்கள் கூடும் கைட் பீச் முழுக்க ஒரு சத்தம் கிளம்பும். புஸ்… புஸ்… புஸ்… கைப்பம்புகள்! பட்டம் இழுக்க, பலகைமேல் நின்று சறுக்கும் இந்த விளையாட்டுக்குக் கைட்போர்டிங் என்று பெயர். அதன் பட்டத்தின் முன்விளிம்பு காற்றடைத்த குழாய். அதை ஊதி இறுக்கினால்தான் பட்டத்துக்கு வடிவமே வரும். பிரான்சின் பிரிட்டனி கரையைச் சேர்ந்த லெகைன்யூ சகோதரர்கள் புரூனோவும் டொமினிக்கும் 1984இல் காப்புரிமை பெற்ற யோசனை இது. அதற்கு முன் பட்டம் தண்ணீரில் விழுந்தால் நனைந்து மூழ்கும், கதை முடிந்தது. காற்றடைத்த குழாய் மிதக்கும், விழுந்த இடத்திலிருந்தே மறுபடி எழும்பும். இந்த விளையாட்டே அந்தக் குழாயில்தான் நிற்கிறது. ஆனால் போஸ்டரில் பறப்பவர், சற்றுமுன் குனிந்து குனிந்து பம்பு அடித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றதை எந்த கேமராவும் எடுப்பதில்லை!

அடுத்து, நூல். 20 மீட்டருக்கும் மேல் நீளமுள்ள நான்கு நூல்களை மணலில் விரித்து, சிக்கெடுத்து, இடவலம் பார்த்துக் கட்ட வேண்டும். ஒரு நூல் மாறினால் பட்டம் எழும்பியதும் தலைகீழாகச் சுழன்று அடிக்கும். அதனால் கட்டியவரே ஒருமுறை பார்ப்பார், பக்கத்தில் இருப்பவர் ஒருமுறை பார்ப்பார். பட்டம் தானாகப் பறந்துவிடாமல் இருக்க அதன்மேல் மணல் அள்ளிப் போடுவார்கள். அந்த மணல் உங்கள் காது, மூக்கு, மங்குத் தட்டு, படுக்கை என எல்லா இடத்துக்கும் உங்களோடு வீட்டுக்கு வரும்.

இப்போதுதான் நிஜமான பின்னணிக் கலைஞர்கள் வருகிறார்கள். உள்ளூர்ப் பையன்கள்! ஒருவன் உங்கள் பட்டத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு காற்றுக்குப் பக்கவாட்டில் நிற்பான். நீங்கள் கட்டைவிரலை உயர்த்தினால் கையை விடுவான், பட்டம் மேலே! திரும்பி வந்து உங்கள் தலையை நீங்களே தட்டிக் காட்டினால் ‘இறக்கப்போகிறேன்’ என்று அர்த்தம், எங்கிருந்தோ ஓடிவந்து பிடித்துவிடுவான். பரபரப்பான மதிய வேளையில் ஒருவன் இப்படி எத்தனை பட்டங்களை ஏற்றி இறக்குகிறான் என்று எண்ணவே முடியாது. ஒரு புகைப்படத்திலும் அவன் இல்லை.

தண்ணீருக்குள் சாலை விதி

மேலிருந்து பார்த்தால் திருவிழாக் கூட்டம், உள்ளே போனால் கறாரான போக்குவரத்து. கரையிலிருந்து கிளம்புபவருக்கு, வருபவர் வழிவிட வேண்டும். எதிரெதிரே வந்தால் வலக்கை முன்னே இருப்பவருக்கு முன்னுரிமை. கடந்து போகும்போது காற்று வரும் பக்கம் இருப்பவர் பட்டத்தை உயர்த்துவார், மற்றவர் தாழ்த்துவார். எல்லாம் கைமீறிப்போனால் இடுப்புக்கு முன்னால் இருக்கும் சிவப்புப் பிடியைத் தள்ளினால் போதும், பட்டத்தின் இழுவிசை அடங்கிவிடும். இந்தப் பிடியைக் கண்ணை மூடிக்கொண்டு தொடத் தெரியும்வரை எந்த நல்ல பயிற்சியாளரும் பலகையைக் கையில் கொடுக்கமாட்டார்.

ஆம், பலகை கடைசியில்தான்! முதலில் கரையில் சின்னப் பட்டம். பிறகு பலகையில்லாமல் பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு வயிற்றால் தண்ணீரைக் கிழித்துப் போவது. அதில் குடிக்கும் உப்புநீருக்கு அளவில்லை. பிறகுதான் பலகைமேல் எழுந்து நிற்கும் அந்த நொடி. கத்துவீர்கள், கட்டாயம் கத்துவீர்கள்! ஆனால் எழுந்தவரைக் காற்று மேற்கே தள்ளிக்கொண்டே போகும். காற்றை எதிர்த்துத் திரும்பக் கற்கும்வரை, பட்டத்தை இறக்கி, பலகையைத் தூக்கிக்கொண்டு கரையோடு நடந்துதான் கிளம்பிய இடத்துக்கு வர வேண்டும். கரையில் நடப்பவர்களை யாரும் கேலி செய்வதில்லை. அங்கே பறக்கும் ஒவ்வொருவரும் நடந்து முடித்தவர்கள்தான்.

ஊருக்குக் கிழக்கே, ஆறு கடலில் கலக்கும் லா போக்காவில் இன்னொரு ரகசியம். அலையே இல்லாத தட்டையான ஆற்றுநீர். வித்தை பழகுபவர்கள் அங்கே போய் விழுந்து எழுந்து கற்றுக்கொண்டு, கைட் பீச்சில் வந்து பிறவியிலேயே தெரிந்ததுபோல் காட்டுவார்கள்!

தையல் மெஷின் சத்தம்

கடற்கரையில் நான் அதிகம் சுற்றிவந்த இடம் பழுதுபார்க்கும் கொட்டகை. கிழிந்த பட்டங்கள் நீள மேசையில் விரிந்திருக்கும். குழாயில் ஓட்டை எங்கே என்று சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி தேடுவார்கள். கிழிசலுக்கு ஒட்டுத்துணி வைத்து மேலே வளைந்து வளைந்து ஓடும் தையல். வேகவேகமாக மெஷின் மிதிப்பவர் கடல் பக்கம் திரும்பாமலேயே, ஒட்டை வைத்துப் பட்டத்துக்கு உரியவரை அடையாளம் சொல்லிவிடுவார்.

பட்டம், அதைப் பிடித்து ஓட்டும் பார், பலகை, இடுப்புக் கச்சை எல்லாம் சேர்ந்து விலை எக்கச்சக்கம். உள்ளூர்ப் பையன்களுக்குப் புதிது வாங்கக் கட்டுப்படியாகாது. வெளிநாட்டுக்காரர்கள் விட்டுச்சென்ற பழைய பட்டம், இந்தக் கொட்டகையில் உயிர்பெற்று அவர்கள் கைக்கு வருகிறது. ஏற்றி இறக்க வந்தவன் ஓய்வு நேரத்தில் பறக்கிறான், பிறகு உதவிப் பயிற்சியாளன், பிறகு உரிமம் பெற்ற பயிற்சியாளன். உலகெங்கும் பயிற்சியாளர்களுக்குச் சான்றிதழ் தரும் ஐ.கே.ஓ. என்ற சர்வதேச அமைப்பு இந்த ஊர் முகவரியிலேயே வளர்ந்தது. 2018இல் புவனோஸ் அயர்ஸ் இளையோர் ஒலிம்பிக்கில் கைட்போர்டிங் தங்கத்தை ஸ்லொவேனியாவின் டோனி வோடிஷேக்கோடு பகிர்ந்துகொண்ட டியூரி கொர்னியேல் கபரேத்தேக்காரர்! 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பட்டப் பந்தயம் முதன்முறையாகப் பெரியவர்களுக்கும் பதக்கப் போட்டியானது.

பேக்கப்!

சூரியன் சாய்ந்ததும் காற்று நிற்கும். பட்டங்கள் ஒவ்வொன்றாக இறங்கும். நன்னீரில் அலசல், காயவைத்தல், மடித்தல். சந்துக்குள் திரும்பினால் மின்சாரம் போயிருக்கும்! பேட்டரி இன்வெர்ட்டர் வைத்த வீடுகளில் மட்டும் விசிறி சுற்றும். கரண்ட் திரும்பியதும் தெரு முழுக்க ‘யெகோ லா லூஸ்!’ என்று ஒரே கூச்சல். உடனே ஒலிபெருக்கியில் பச்சாத்தா இசை. இந்நாட்டின் இன்னொரு இசையான மெரெங்கே 2016இலும் பச்சாத்தா 2019இலும் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றவை. இரண்டையும் கொல்மாதோ வாசலில் செருப்புக் காலோடு ஆடலாம், பாட்டிகளே சொல்லித்தருவார்கள்!

எல்லாம் தேன் என்று சொல்லமாட்டேன். கோடை என்பது புயல் பருவமும்தான். சில வாரம் சர்காசம் கடற்பாசி கரையை மூடும். சுற்றுலாப் பயணியாக முதலில் கிடைப்பது 30 நாள். மேலே தங்கினால் கிளம்பும்போது விமான நிலையத்தில் பணம் கட்ட வேண்டும். பயிற்சியைக் காற்றில்லாத நாள்களுக்கும் சேர்த்துத் திட்டமிடுங்கள். ஒரு வாரம் போதும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கும் ஒரு நல்ல செய்தி. இதே பட்டம், இதே பம்பு, இதே சிவப்புப் பிடிப் பாடம் ராமேஸ்வரத்திலும் கற்றுத்தருகிறார்கள். இலங்கையில் கற்பிட்டியில் மே முதல் அக்டோபர் வரை காற்று வெளுத்து வாங்குகிறது. எங்கே போனாலும் ஒன்றைச் செய்யுங்கள். உங்கள் பட்டத்தை ஏற்றிவிடும் பையனின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், அடுத்த புகைப்படத்தில் அவனையும் சேர்த்து நிறுத்துங்கள்!