உழைப்பும் உரிமமும் – 9: அருவிக்கரை எண்ணெய்க் கைகள்

சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்துவிட்டால் வயலோரம் கார்கள் வரிசைகட்டும். படம் பிடித்த கையோடு அந்தக் கூட்டம் குற்றாலத்துக்குத் திரும்பும். அங்கே சீசனை நம்பி, வருகிறவர்களின் உடம்பைப் பிடித்துவிட்டுப் பிழைப்பவர்களைப் பற்றித்தான் இந்த வாரம்.

எண்ணெயை உச்சந்தலையில் வைத்துத் தட்டுவதில் தொடங்குவார்கள். அப்புறம் பிடரி, தோள்பட்டை, முதுகு. தண்டுவடத்தின் இரு பக்கமும் கட்டைவிரலை ஊன்றிக் கீழே இழுத்துக்கொண்டு வரும்போதே எங்கே சதை இறுகியிருக்கிறது என்று கைக்குத் தெரிந்துவிடும். அந்த இடத்தில் நின்று நீவுவார்கள். சித்த மருத்துவம் இதைத் தொக்கணம் என்று 32 புறமருத்துவ முறைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று ஒன்பது வகை. பாளையங்கோட்டையில் 1964இல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் இதைப் படித்துப் பட்டம் வாங்கலாம். அப்பாவிடம் பார்த்துக் கற்றுக்கொண்டவருக்குச் சட்டத்தில் என்ன இடம்?

முதலில் தடைதான் வந்தது. 2014இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, குற்றால அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு, சீயக்காய் தேய்த்துக் குளிக்கக் கூடாது என்றது. அதில் நியாயம் இருக்கிறது. அருவித் தண்ணீர் சிற்றாறாக ஓடித் தாமிரபரணியில் சேர்கிறது. வழியில் எத்தனையோ வயல்கள், எத்தனையோ ஊர்கள். ஆனால், எண்ணெய் தேய்த்தவன் எங்காவது குளித்துத்தான் ஆக வேண்டும். ஆற்றில் கலக்காத கழிவுநீர்த் தொட்டியோடு தனிக் குளியலிடம் கட்டிக்கொடுத்தால் ஆறும் பிழைக்கும், தொழிலும் பிழைக்கும்.

பட்டணத்து ஸ்பாக்களின் வழக்கு வேறு. மசாஜ் அறைகளுக்குள் கேமரா வைப்பது வாடிக்கையாளரின் அந்தரங்க உரிமையில் கைவைப்பது என்று 2022 ஜனவரியில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார், அதற்குச் சில நாள் முன்புதான் அதே உயர் நீதிமன்றத்தின் இன்னொரு நீதிபதி கேமரா வைக்க உத்தரவிட்டிருந்தார். அந்த வாதமெல்லாம் கதவுள்ள அறைகளைப் பற்றியது. வெட்டவெளியில் தொழில் செய்கிறவருக்கு அதில் ஒன்றுமில்லை.

‘வைத்தியம்’ என்று பலகை வைத்தால் சிக்கல் பெரிது. அங்கீகரிக்கப்பட்ட தகுதி இல்லாத பரம்பரை வைத்தியர்கள் மருத்துவம் பார்க்கக் கூடாது என்று கேரள வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 ஏப்ரலில் சொல்லிவிட்டது. புளியரை தாண்டினால் கேரளம்; என்றாலும் உச்ச நீதிமன்றத்தின் சொல் இந்தப் பக்கமும் செல்லும். அலுப்புக்குப் பிடித்துவிடுவது வேறு, பக்கவாதத்தைக் குணமாக்குவேன் என்பது வேறு. கழுத்தைச் சட்டென்று திருப்பிச் சொடக்கெடுப்பதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து மூளைக்கு ரத்தம் தடைபடக்கூடும்.

அப்படியானால் இவர்களுக்கென்று எந்தச் சட்டமும் இல்லையா? இருக்கிறது. அதுவும் அதே 2014இல் வந்ததுதான்: தெரு வியாபாரிகள் வாழ்வாதாரப் பாதுகாப்புச் சட்டம். தெருவோரம் பொருள் விற்பவர் மட்டுமல்ல, பொதுமக்களுக்குச் சேவை அளிப்பவரும் தெரு வியாபாரிதான் என்று அதன் வரையறையிலேயே இருக்கிறது. கணக்கெடுப்பு, விற்பனைச் சான்றிதழ், அடையாள அட்டை எல்லாம் அதில் உண்டு. நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

பூ விற்பவரையும் சோளம் சுடுபவரையும் கணக்கெடுக்கும்போது எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்திருப்பவரையும் பேரூராட்சி எழுதிக்கொள்ளலாம். புதுச் சட்டம் தேவையில்லை. அட்டையின் பின்பக்கம் நான்கே நிபந்தனைகள் போதும்: காய்ச்சல்காரர், எலும்பு முறிந்தவர், நிறைமாதக் கர்ப்பிணி ஆகியோருக்குக் கைவைக்கக் கூடாது, கழுத்தைத் திருப்பக் கூடாது, ஆள் மாறும்போது விரிப்பு மாற்ற வேண்டும், கட்டணத்தை எழுதி மாட்ட வேண்டும். சீசன் தொடங்கும் ஆனி மாதத்துக்கு முன்பே கணக்கெடுப்பை முடித்தால்தான் பயன். ஐப்பசியில் வந்து தேடினால் பாதிப் பேர் வேறு கூலி வேலைக்குப் போயிருப்பார்கள்.

(தொடரும்)