விட்ட பிறகும் மூளை மறப்பதில்லை



“ஆறு மாதமாகத் தொடாமல் இருந்தான். கூட்டாளிகளோடு சேர்ந்து ஒரே ஒரு தடவைதான். மறுநாளே யாரோ தன்னைக் கொல்ல வருவதாகச் சொல்லிக் கதவைப் பூட்டிக்கொண்டான். ஒரு தடவையில் இப்படி ஆகுமா?” என்று ஒரு தகப்பனார் கேட்டால், ஆகும் என்பதுதான் பதில். ஏன் என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

‘மெத்’, ‘ஐஸ்’ என்று சொல்லப்படும் மெத்தாம்பெட்டமைன், ஆம்பெட்டமைன், கொக்கைன் ஆகியவை ஊக்க வகைப் போதைப்பொருட்கள். இவை மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளை ஒரேயடியாகப் பெருக்குகின்றன. “இது வேண்டும், தேடிப் போ” என்று நம்மைத் தூண்டுவது டோபமைனின் முக்கிய வேலை.

தொடர்ந்து உபயோகித்தால் மூளையில் எதிரெதிரான இரண்டு மாற்றங்கள் நடக்கின்றன. ஒன்று, கிடைக்கும் சுகம் குறைகிறது. அதனால் அளவு கூடுகிறது. இது பலருக்கும் தெரியும். மற்றொன்று, வேறு சில விளைவுகள் குறைவதற்குப் பதிலாக நாளுக்கு நாள் வலுக்கின்றன. இதை மிகையுணர்வு எனலாம். எலிகளுக்கு ஒரே அளவு ஆம்பெட்டமைனை இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பக் கொடுத்தால், ஒவ்வொரு தடவையும் அவற்றின் பரபரப்பு கூடுகிறது. பல மாதங்கள் நிறுத்திவிட்டுக் கொடுத்தாலும் அந்த மாற்றம் மறையவில்லை. “எப்போதாவதுதானே” என்று சமாதானம் சொல்பவர்கள், இடைவெளி விட்டுக் கொடுத்தபோதே இம்மாற்றம் நன்றாக வெளிப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

மனிதர்களிடமும் இது காணப்பட்டது. கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஆரோக்கியமான 10 ஆண்களுக்கு மருத்துவக் கண்காணிப்பில் மூன்று வேளை ஆம்பெட்டமைன் கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்து அதே அளவைக் கொடுத்தபோது, முதல் தடவையைவிட அதிக டோபமைன் சுரந்தது. இந்த ஆய்வு 2006இல் வெளியானது.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெர்ரி ராபின்சன், கென்ட் பெரிட்ஜ் ஆகியோர் 1993இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள்: விருப்பம் வேறு, வேட்கை வேறு. பிடிக்காமல் போன பிறகும் வேட்கை மட்டும் வளர்ந்துகொண்டே போகலாம். “எனக்கே வெறுப்பாக இருக்கிறது, ஆனால் விட முடியவில்லை” என்று ஒருவர் அழுதால், அதை நடிப்பு என்று தள்ளிவிடாதீர்கள்.

ஜப்பானில் 1941 முதல் ‘ஃபிலோபான்’ என்ற பெயரில் மெத்தாம்பெட்டமைன் மாத்திரை விற்கப்பட்டது. போருக்குப் பின் அது பெருந்தொற்றுபோலப் பரவியதால், 1951இல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். அதனால் மனநோய் வந்து குணமானவர்களில் சிலருக்கு, பின்னர் சிறிதளவு உபயோகித்ததுமே அதே சந்தேகமும் பயமும் திரும்பியதை அந்நாட்டு மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். சிலருக்குப் போதைப்பொருள் இல்லாமல், கடுமையான மன உளைச்சலே போதுமானதாக இருந்தது.

நாம் செய்ய வேண்டியவை:

1. சில மாதம் விட்டிருந்தால் “முடிந்துவிட்டது” என்று சிகிச்சையை நிறுத்தாதீர்கள். பழைய இடம், பழைய கூட்டாளி, கையில் சேரும் பணம் எல்லாமே வேட்கையைக் கிளப்பும். அவற்றிலிருந்து விலகியிருக்க உதவுங்கள்.

2. தூக்கமின்மை, காரணமற்ற சந்தேகம், காதில் குரல் கேட்பது ஆகியவை தெரிந்தால் அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். செய்வினை என்று நாட்களைக் கடத்தாதீர்கள். அடிப்பதும் அறையில் பூட்டுவதும் மருந்தாகாது.

3. போலீஸ் பயத்தால் சிகிச்சையைத் தவிர்க்காதீர்கள். உபயோகித்த குற்றத்துக்கோ, சிறிய அளவு வைத்திருந்ததற்கோ வழக்கில் சிக்கியவர், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மையத்தில் தானாக முன்வந்து சிகிச்சையை முழுமையாகப் பெற்றால், போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது.

4. ஆலோசனைக்குத் தேசியப் போதை மீட்பு உதவி எண் 14446. கட்டணம் இல்லை.

மீண்டும் தவறியவரை வீட்டைவிட்டுத் துரத்தினால், அவர் போய்ச் சேரும் இடம் அதே கூட்டாளிகளின் இடம்தான். மூளை தேற மாதங்கள் ஆகும். அதுவரை பொறுமையோடு கைகொடுப்போம், இன்ஷா அல்லாஹ்.