படித்தால் திமிர் வருமா?

1999இல் வெளிவந்த 'படையப்பா'வை நம்மில் பலரும் பார்த்திருப்போம். வெளிநாட்டில் படித்துத் திரும்பும் நீலாம்பரி ஆணவக்காரி. அவள் வீட்டில் வேலை பார்க்கும் வசுந்தரா அடக்கமானவள். நாயகன் மணப்பது அவளைத்தான். நீலாம்பரி பதினெட்டு ஆண்டுகள் அறைக்குள் அடைந்து கிடந்து, பழிவாங்கப் புறப்பட்டு, முடிவில் தன்னையே சுட்டுக்கொள்கிறாள். (ரம்யா கிருஷ்ணன் நடிப்பில் குறையில்லை.) அதே படத்தில் நாயகனின் மிடுக்குக்கோ கைதட்டல்! படிப்பையும் ஆணவத்தையும் ஒரே பெண்ணிடம் சேர்த்துக் காட்டக் காட்ட, இரண்டும் ஒன்றென்றே மனத்தில் பதிகிறது.

சென்ற மாதம் கல்லூரி உதவித்தொகை தருவதாகச் சொல்லி ஒரு வீட்டுக்குப் போனோம். "பொம்பளப் புள்ள படிச்சா திமிர் வந்துரும் பாய், அப்புறம் யாரு கட்டுவா?" என்றார் வாப்பா. பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கிய அந்தப் பிள்ளை, எங்களுக்குத் தேநீர் கொடுத்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் உள்ளே போனது. அவள் விண்ணப்பத்தை நாங்கள் இன்னும் வைத்திருக்கிறோம்.