ஷேவிங் சோப்பில் ஆஃப்டர்ஷேவ்: மிச்சம் எவ்வளவு, செலவு எவ்வளவு?



சின்னச் செலவுகளைப் பத்தி நம்ம சேனல்ல வீடியோ போட்டாலே கூடவே ஒரு கேள்வி வரும். "தீர்ந்துபோற ஷேவிங் சோப்பைச் சீவி, வெந்நீர்ல கரைச்சு, கொஞ்சம் பன்னீர் விட்டு பாட்டில்ல ஊத்தினா ஆஃப்டர்ஷேவ் ரெடி. காசு மிச்சம்தானே சார்?"

மிச்சம்தான். ஆனா எவ்வளவு மிச்சம், அதுக்காக எதைக் கொடுக்கறோம்னு பார்க்கணும்.

முதல்ல பொருளைப் பார்ப்போம். சோப்பு எப்படி உருவாகுது? கொழுப்பு அமிலத்தோட காரத்தைச் சேர்த்துத்தான். ஷேவிங் சோப்பில் பெரும்பாலும் ஸ்டியரிக் அமிலமும் பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடும் இருக்கும். அதனாலதான் அவ்வளவு கெட்டியா நுரை வருது. தண்ணியில கரைச்சா அதோட பிஹெச் சுமார் 9, 10 வரும். நம்ம தோலோ லேசான அமிலத்தன்மை உள்ளது, பிஹெச் 5 பக்கம். ரெண்டு நிமிஷம் தடவி, மழிச்சு, கழுவிட்டா இந்த வித்தியாசம் பெருசா தொந்தரவு தராது. ஆனா ஆஃப்டர்ஷேவ் கழுவுற பொருள் இல்லை. போட்டா அப்படியே முகத்துல இருக்கும். பிளேடு அப்பத்தான் மேல்தோலைச் சுரண்டிட்டுப் போயிருக்கு, அதுமேல சோப்புத் தண்ணிய நாள் முழுக்கக் காயவிட்டா தோல் வறண்டு, இழுத்து, சிலருக்கு எரிச்சலும் சிவப்பும் வரும்.

"அப்போ கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டு அமிலமாக்கிடலாமே?" விட்டுப் பாருங்க, பால் திரிஞ்ச மாதிரி வெள்ளை வெள்ளையா மிதக்கும். அமிலம் பட்டதும் சோப்பு உடைஞ்சு பழையபடி கொழுப்பு அமிலமா பிரிஞ்சிடும். இன்னொண்ணு, வீட்டுல கலக்குற தண்ணி மருந்துல பதப்படுத்தும் பொருள் எதுவும் கிடையாது. பாத்ரூம் ஷெல்ஃப்ல ஒரு மாசம் இருந்தா கிருமி வளர வசதியான இடம். கிருமியைக் கொல்லட்டும்னு கடையில கிடைக்கிற மெத்திலேட்டட் ஸ்பிரிட்டைக் கலக்காதீங்க, அதுல மெத்தனால் இருக்கலாம். முகத்துல தினமும் தடவுற சரக்கு அது இல்லை.

சரி, நம்ம ஏரியாவுக்கு வருவோம். 2025 செப்டம்பர் 22-ல இருந்து ஷேவிங் க்ரீம், ஆஃப்டர்ஷேவ் லோஷன் இதுக்கெல்லாம் ஜிஎஸ்டி 18 சதவீதத்துல இருந்து 5 ஆயிடுச்சு. அதாவது வரியோட சேர்த்து 300 ரூபாய்க்கு வித்த பாட்டில், வரி குறைப்பு முழுசா உங்களுக்கு வந்திருந்தா கிட்டத்தட்ட 267 ரூபாய் ஆகியிருக்கணும். கணக்குக்காக 270-னே வெச்சுக்குவோம். 100 மில்லி பாட்டில், ஒரு ஷேவுக்கு 1 மில்லி, வருஷத்துக்கு 300 ஷேவ். மூணு பாட்டில், 810 ரூபாய். சோப்புத் தண்ணி வித்தை முழு வெற்றி அடைஞ்சாலும் அதிகபட்ச மிச்சம் இவ்வளவுதான். அதுலயும் பன்னீர் செலவைக் கழிக்கணும். முகம் எரிஞ்சு ஒரே ஒரு தடவை ஸ்கின் டாக்டர்கிட்ட போனா, ஃபீஸும் ஆயின்ட்மென்ட்டும் சேர்ந்து அந்த 810-ஐத் தாண்டிடும்.

உங்க பணம் உண்மையில போறது வேற வழியில. நாலஞ்சு பிளேடு அடுக்கின கார்ட்ரிட்ஜ் ஒண்ணு 160 ரூபாய், எட்டு ஷேவ் வரும்னு எடுத்துக்குவோம். ஒரு ஷேவுக்கு 20 ரூபாய், வருஷத்துக்கு 6,000. பிரின்டரை விட இங்க்குக்கு அதிகம் கொடுக்கற கதைதான் இது. அதுவே நம்ம அப்பா காலத்து ரெண்டு பக்க பிளேடுன்னா, ஒண்ணு 4 ரூபாய், நாலு ஷேவ். ஷேவுக்கு ஒரு ரூபாய், வருஷத்துக்கு 300. ரேஸருக்கு ஒருதடவை 500 கொடுத்தாலும் முதல் வருஷமே 5,200 ரூபாய் கையில நிக்குது. வாரத்துக்கு ரெண்டு ஷேவ்தான்னா கார்ட்ரிட்ஜ் செலவே 2,000 சொச்சம்தான், மிச்சமும் அதுக்கேத்த மாதிரி குறையும். உங்க ஊர் விலையைப் போட்டு நீங்களே ஒருதடவை பார்த்துடுங்க. ரெண்டு பக்க பிளேடுல கை பழக ரெண்டு வாரம் ஆகும். திங்கட்கிழமை காலையில, லாகின் டைமுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி ஆரம்பிக்காதீங்க. சனிக்கிழமை ஆரம்பிங்க. இந்த 5,200-ஐ எஸ்ஐபில போட்டா கோடீஸ்வரன் ஆவீங்கன்னு சொல்ற ஆள் நான் இல்லை. ஆனா அவசர நிதியே இல்லாதவங்களுக்கு அது நல்ல தொடக்கம்.

வீட்டுலயே ஆஃப்டர்ஷேவ் வேணும்னா சலூன்காரர் கையில இருக்கிறதைப் பாருங்க. படிகாரம்! நாட்டு மருந்துக் கடையில ஒரு கட்டி வாங்கினா மாசக்கணக்குல வரும். ஷேவ் முடிஞ்சு முகத்தைக் கழுவி, ஈரத்தோடயே கட்டியை லேசா தேய்ச்சு, ஒரு நிமிஷம் விட்டு, பச்சைத் தண்ணியில அலசிடுங்க. சின்னக் கீறல்ல வர்ற ரத்தம் நிக்கும், தோல் இறுகும். வறண்ட தோல்காரங்க அதுக்கப்புறம் ஒன்பது பங்கு பன்னீருக்கு ஒரு பங்கு கிளிசரின் கலந்து தடவலாம். 30 மில்லிக்கு மேல கலக்க வேண்டாம். ஃப்ரிட்ஜ்ல வெச்சு ஒரு வாரத்துல முடிச்சிடுங்க. முதல் தடவை முழங்கை மடிப்புல தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்த்துட்டு முகத்துக்குப் போங்க.

நல்லா வந்துச்சுன்னா லேபிள் ஒட்டி இன்ஸ்டாகிராம்ல விக்கலாம்னு தோணும், தெரியும். அங்கதான் நான் கையைப் பிடிப்பேன். விற்பனைக்கு அழகுசாதனப் பொருள் தயாரிக்க மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் கீழ் உரிமம் வேணும், பத்து பாட்டில்னாலும் வேணும். ஜிஎஸ்டிக்கு 40 லட்சம் வரைக்கும் விலக்கு இருக்குன்னு நினைச்சுட்டு பெங்களூர் நண்பருக்கு ஒரு பார்சல் வித்தீங்கன்னா, அது வெளிமாநில விற்பனை. அந்த விலக்கு அங்க செல்லாது.

அந்த மிச்ச சோப்பு? புது சோப்பு வாங்கினதும் பழைய துண்டை நனைச்சு அதுமேல அழுத்தி ஒட்டிடுங்க. ஒரு ராத்திரியில கெட்டியாகிடும், இன்னும் பத்து ஷேவுக்காவது நுரை வரும்.